குடிமகன்

கணக்கு டீச்சரான நான் போன செவ்வாய்க்கிழமை ஒரு வகுப்பு முழுக்கச் சாதியை நடத்திவிட்டு வந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்துவிட்டேன்.

எனக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை. இந்த நாட்டுப் பள்ளிகளில் 'லைஃப் ஓரியண்டேஷன்' என்றொரு பாடம் உண்டு. குடிமையியல், உடற்பயிற்சி, உடல்நலம், படித்து முடித்து என்ன வேலைக்குப் போவது என்ற யோசனை, எல்லாம் சேர்ந்த கதம்பச் சாதம். அதை எடுக்கிற ஆசிரியை அன்று வரவில்லை, பதிலுக்கு என்னை அனுப்பினார்கள். மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போயிருந்தார். குடும்பத்தில் மூன்று தலைமுறை என்ன வேலை செய்தது, உன் சர்நேம் எங்கிருந்து வந்தது, நீ என்ன ஆகப்போகிறாய்? இவ்வளவுதான். சரி, நாற்பது நிமிடம் தள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"மேம், நீங்க இந்தியாவுல இருந்து வந்தவங்க. படையாச்சின்னா என்ன?"

பிள்ளைகள் பேசியது ஆங்கிலம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருகிற நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் எழுத்துகூடத் தெரியாது. நான் யோசிக்காமல், படையை நடத்தியவர்கள் என்று பொருள் சொல்வார்கள் என்றேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். உடனே ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். கோவெண்டர் என்பது நம் கவுண்டர். மூட்லி என்பது முதலி. செட்டி வியாபாரம். பிள்ளை கணக்கு வழக்கு. நாயுடு, ரெட்டி, நாயக்கர். கணக்கு டீச்சர் புத்தி, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பலகையில் வரிசை போட்டு எழுதிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பலகையில் ஓர் ஏணி நிற்கிறது. ஒரு பெண் கையைத் தூக்கி, "அப்ப யார் மேம் மேலே?" என்றாள்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவன் சர்நேம் ஊரில் எந்தத் தெருவிலும் இருக்கிற சாதாரண ஆள் பெயர், முனுசாமி மாதிரி ஒன்று. "எங்க பேரை நீங்க எழுதலையே?" என்றான். அது உன் பூட்டனுக்கும் முன்னால் கப்பலேறி வந்தவருடைய சொந்தப் பெயர், அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள் என்றேன். "அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

மணி அடித்தது. அவசரமாக அழித்தேன். அதற்குள் பாதிப் பேர் பலகையை போனில் படம் எடுத்திருந்தார்கள்.

இங்கே வந்த கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் மச்சம் தழும்பு என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். டர்பன் பக்கம் வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. சாதிக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் இறங்கின பிறகு வேலை பெரும்பாலும் ஒன்றுதான், கரும்பு வெட்டுவது. குயவரும் வெட்டினார், செட்டியும் வெட்டினார். குலத்தொழில் கடலில் போயிற்று, பட்டப்பெயர் மட்டும் கரையேறியது. அதுவும் வேடிக்கையாக. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கிற சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. அங்கே வாலை வெட்டினார்கள். இங்கே வாலே பெயராகிவிட்டது.

எனக்கு அந்த வால் கிடையாது. இந்த நாட்டுப் படிவங்களில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறேன். அந்தப் பையனிடம் "என்னிடமும் ஒன்றும் இல்லை, தம்பி" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் குடும்பத்துக்கு முடிவெட்டும் தொழில். ஊரில் கோபத்தில் எங்களைக் கூப்பிடுகிற சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் குடிமகன். "குடிமகனை வரச் சொல்லு" என்றால் தாத்தா அடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார். ஆறாம் வகுப்பில் குடிமையியல் பாடம், 'நல்ல குடிமகனின் கடமைகள்' என்று வாத்தியார் சத்தமாக வாசித்தார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நாட்டுக்கும் எனக்கும் அறிமுகம் அப்படித்தான் நடந்தது. இன்றைக்கும் 'குடிமகன்' என்ற சொல்லைக் கேட்டால் ஒரு நொடி காது சுடும்.

தாத்தாவுக்குக் கடை கிடையாது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம், வீடு வீடாகப் போக வேண்டும். அடைப்பம் என்பது ஒரு தோல் பை. அதற்குள் இரண்டு கத்தி, கத்திரி, நகம் வெட்டுகிற சிறு கத்தி, சாணைக்கல், கத்தி தீட்டும் தோல்வார், பித்தளைக் கிண்ணி, மூலையில் ரசம் போன ஒரு கைக்கண்ணாடி. வெட்டுவது மாட்டுக்கொட்டகை ஓரத்தில். வெட்டிக்கொண்டவர் அப்படியே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார், தாத்தா கை பட்டதே அதற்குக் காரணம். கூலி காசாக வராது. அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது குடிமகனுக்கு, வண்ணாருக்கு, வெட்டியானுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அந்த நெல்லுக்கு எங்கள் பக்கம் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம். 1947-க்குப் பிறகும் தாத்தா வருஷா வருஷம் முறம் ஏந்திப் போய்ச் சுதந்திரம் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அப்பா 1945-ல் பிறந்தவர். 1953 ஜூனில் மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம்தான் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் புதுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம்தான், மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். அரசு வைத்த பெயர் நீளமானது. மக்கள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம், அதுதான் நிலைத்தது.

அரசு சொன்ன நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி போதாது, வாத்தியார் போதாது, பணமும் இல்லை. ஏராளமான பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரே கட்டடத்தில் ஒரே வாத்தியாரை வைத்து இரண்டு வேளை நடத்தினால் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 1939-ல் கோயில் நுழைவுச் சட்டம் கொண்டுவந்த அதே மனிதர்தான் இவர், சும்மா வில்லனாக எழுதிவிட்டுப் போக எனக்கும் மனமில்லை.

ஆனால் அந்த அரை நாளை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும்.

பள்ளி விட்டதும் பலகையை வீட்டில் வைத்துவிட்டுத் தாத்தாவின் பின்னால் போவார். தண்ணீர் மொண்டு தருவது, கண்ணாடி பிடிப்பது, தோல்வாரில் கத்தியைத் தீட்டுவது. சவரம் பழக வேண்டும் என்று தாத்தா தன் முழங்காலுக்குச் சோப்பு நுரை போட்டுக் காட்டுவாராம். முதல் வாரமே அப்பா அந்த முழங்காலில் இரண்டு இடத்தில் கீறிவிட்டார். பண்ணை வீட்டுப் பையனும் அப்பாவோடு அதே மூன்றாம் வகுப்பு. அவனுக்கும் அரை நாள்தான் பள்ளி. ஆனால் வீட்டுக்கே வாத்தியார் வந்து மீதி அரை நாள் சொல்லிக்கொடுத்தார். கொட்டகையில் அவன் தாத்தாவுக்குச் சவரம் நடக்கும், உள்ளே கூடத்தில் அவன் வாய்ப்பாடு ஒப்பிப்பது கேட்கும். கண்ணாடியை ஆடாமல் பிடித்துக்கொண்டே அப்பா பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தது அங்கேதான்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றுக்கொண்டார். ஒரு நாள் வாய்க்கால் கரையில் சேரியிலிருந்து ஒருவர் தள்ளி நின்று கூப்பிட்டிருக்கிறார். மகனுக்குக் கல்யாணம், முடி வெட்டிவிட முடியுமா என்று. தாத்தா நடையை நிறுத்தாமலே மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் என்று அப்பா கேட்டார். "அவங்களுக்கு வெட்டினா நாளைக்கு இவங்க தலையைக் குடுப்பாங்களா? சுதந்திரம் போயிடும்டா." கத்தியோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது. யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது, யார் உன்னைத் தொட்டால் குளிப்பார்கள். குலத்தொழில் என்று சொல்லும்போது கைவேலையை மட்டும் நினைத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பாடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கினார்கள், காங்கிரஸுக்குள்ளேயே பலருக்குப் பிடிக்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஜூனில் அப்பா முழு நாள் பள்ளிக்குப் போனார். பிறகு எஸ்.எஸ்.எல்.சி., ஆசிரியர் பயிற்சி, கணக்கு வாத்தியார். தாத்தா கை நடுங்க ஆரம்பித்த காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் வந்து, வாத்தியார் வேலையோடு ஞாயிற்றுக்கிழமை இதையும் பார்த்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டார்களாம். பாட்டி சொன்ன பதில் குடும்பத்தில் இன்றும் பிரசித்தம். அச்சில் ஏற்ற முடியாது.

என் பள்ளியில் ஜூலு மொழி எடுக்கும் ஆசிரியை, எனக்கு அக்கா மாதிரி. தேநீர் நேரத்தில் அப்பாவின் மூன்று மணி நேரப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வருஷம்?" என்றார். 1953 என்றேன். அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. அதே 1953-ல்தான் இங்கே பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் கல்வியை அரசு தன் கைக்குள் கொண்டுவந்த சட்டம். அமைச்சர் வெர்வூர்ட், நடைமுறையில் பயன்படுத்தவே போகாத கணக்கை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்று நாடாளுமன்றத்தில் கேட்டவர். அங்கேயும் சின்ன வகுப்புகளுக்கு மூன்று மணி நேரம், இரண்டு வேளைப் பள்ளி. அந்த ஆசிரியையின் அம்மா அப்படித்தான் படித்தார், மீதி நேரம் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிற தன் தாயோடு.

வெர்வூர்ட்டும் ராஜாஜியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் ஓர் இனத்தைக் கீழேயே வைத்திருக்கத் திட்டம் போட்டார். இன்னொருவர் கையில் பணமில்லாமல், பழைய கிராமத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் திட்டம் போட்டார். பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். எட்டு வயதில் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அது எப்படித் தெரியும்? என்னையும் அந்த அக்காவையும் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நிறுத்துகிற யோசனை இரண்டு கண்டத்தில் ஒரே வருஷம் சட்டமன்றம் ஏறியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் கெடும்.

இங்கே இருந்துகொண்டு காந்தியைப் பேசாமல் போக முடியாது. அவர் 'சத்திய சோதனை'யில் ஒரு பக்கம் உண்டு. அப்பாவின் பிரதியில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கும். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவரிடம் காந்தி போகிறார். அவர் கேவலமாகப் பார்த்து, வெட்ட மாட்டேன் என்கிறார். காந்தி கத்தரி மெஷின் வாங்கி வந்து கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொள்கிறார். முன்பக்கம் சுமாராக வந்தது, பின்பக்கம் நாசம். கோர்ட்டில் நண்பர்கள், எலி கடித்ததா என்று சிரித்தார்கள். கதை இதோடு நின்றிருந்தால் அப்பா கோடு போட்டிருக்க மாட்டார். அந்த ஆள் மேல் தப்பில்லை, கறுப்பர்களுக்கு வெட்டினால் அவர் வாடிக்கை போய்விடும், நம் ஊரில் தீண்டாதார் என்று ஒதுக்கியவர்களுக்கு வெட்ட நம் ஆட்களை நாம் விடுகிறோமா என்று காந்தி எழுதுகிறார். வாய்க்கால் கரையில் தாத்தா சொன்ன அதே காரணம். அப்பா ஓரத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, கோடு மட்டும்.

இதே காந்திதான் 1910-ல் ஜோஹன்னஸ்பர்க் அருகே தன் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணையை நடத்தினார். காலன்பாக், எங்கள் டர்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற மரியன்ஹில் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் பிள்ளைகள் கற்றார்கள். பனியா குலத்து பாரிஸ்டர் தோல் தைக்கிறார்! வாத்தியார் செய்யாத வேலையைப் பிள்ளையைச் செய்யச் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. போப் எழுதிய புத்தகத்தை வைத்துத் தமிழும் சொல்லிக்கொடுத்தார், பாதிப் பிள்ளைகளுக்கு அவரைவிட நன்றாகத் தமிழ் தெரிந்திருக்கும். 1937-ல் வார்தாவில் அவர் பேசிய ஆதாரக் கல்வியில் இந்தப் பண்ணையின் வாசனை இருக்கிறது. கைத்தொழிலை மையமாக வைத்துப் பள்ளிக்குள்ளேயே எல்லாப் பிள்ளைக்கும் பாடம். குலக்கல்வியை அதன் வாரிசு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பண்ணை வீட்டுப் பையனும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நூற்றிருந்தால் அது வார்தா.

ஆனால் வார்தாவுக்கு ஒரு வருஷம் முன்னால், 1936-ல், அவரவர் முன்னோர் தொழிலைச் செய்தே பிழைக்க வேண்டும், எல்லாத் தொழிலும் சமம்தான் என்று 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதியதும் அவர்தான். அம்பேத்கருக்குப் பதில் சொல்லி எழுதியது. அம்பேத்கர் விடவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரிக்கிறது என்று அதற்கு முன்பே சொன்னவர், இப்போது நேராகவே கேட்டார். பனியாவாகப் பிறந்த மகாத்மா ஏன் தராசைப் பிடிக்காமல் வக்கீலானார்? எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல பதில் வரவில்லை. செருப்புத் தைத்த காந்தியை வைத்தே இந்தக் காந்தியை மறுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, பள்ளிக்கு வருகிறேன். வியாழக்கிழமை லைஃப் ஓரியண்டேஷன் ஆசிரியையிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி வகுப்புக்குப் போனேன். இந்த நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை வாசிக்கச் சொன்னேன். எந்தக் காரணத்துக்காகவெல்லாம் பாகுபாடு காட்டக்கூடாது என்று நீளமான பட்டியல் அதில் உண்டு. இனம், பால், நிறம், மதம், மொழி என்று போய்க் கடைசிச் சொல் பிறப்பு. பிறகு 22-ஆம் பிரிவு. தன் தொழிலைத் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன், காது சுட்டது.

செவ்வாய்க்கிழமை நான் எழுதிய வரிசை தப்பு என்றேன். அந்தப் பெயர்கள் எல்லாம் உங்கள் தாத்தாக்கள் கரும்பு வெட்டும்போது ஒரு கட்டு கரும்பைக்கூடக் குறைக்கவில்லை என்றேன். அப்புறம் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, என் தாத்தா முடிவெட்டுபவர், அந்தப் பலகையில் அவருக்கு இடமே கிடைத்திருக்காது என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாற்பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. வகுப்பு அமைதியாக இருந்தது.

கடைசி பெஞ்சுப் பையன் கையைத் தூக்கினான். "மேம், அவர் ஃபேட் போடுவாரா?" ஃபேட் என்றால் பக்கங்களில் முடியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிற வெட்டு.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அவர் மகன் போடுவார். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

போன டிசம்பர் விடுமுறையில் அப்பா இங்கே வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடைகள் மூடியிருக்கின்றன, என் மகனுக்கு முடிவெட்டியாக வேண்டும். அவன் டாக்ஸி நிறுத்தம் பக்கம் கூடாரம் போட்டு பேட்டரியில் மெஷின் ஓட்டுகிற பையன்களிடம் வெட்டுகிறவன். "நான் பார்க்கட்டுமா?" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நினைவில் அவர் யார் தலையையும் தொட்டதில்லை. பின்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தோளில் துண்டு போர்த்தி, பையன் தலையை இரண்டு விரலால் லேசாக முன்னால் சாய்த்தார். எண்பதை நெருங்குகிற கை, ஆடவில்லை. காதுக்குப் பின்னால் வரும்போது மூச்சை நிறுத்திக்கொண்டு கத்தரித்தார்.

மகன் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான், தாத்தா கத்தரியோடு நிற்கிற படம். இரவு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊர்க்காரங்க நம்பரெல்லாம் அவன்கிட்ட இருக்காம்மா? எடுத்துடச் சொல்லு." எடுத்தான். ஏன் என்று கேட்டான், நான் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கோவெண்டர் பையன் வாசலில் வந்து நின்றான். "தாத்தா எனக்கும் வெட்டுவாரா?" அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார், போட்டோ கூடாது என்று என் மகனிடம் விரலை ஆட்டிவிட்டு. அரை மணி நேரம் ஆயிற்று. பையன் கண்ணாடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஐம்பது ராண்ட் நோட்டை எடுத்து நீட்டினான். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கினார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்காலிக்குக் கீழே கிடந்த முடியைக் கூட்ட விளக்குமாறு எங்கே என்று கேட்டார்.